மனசுக்கும் வைத்தியம் உண்டு



காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். காலில் முள் தைத்தால் உடனே பிடுங்குகிறோம். மனசு நொந்துபோனால் மட்டும் "எல்லாம் தலையெழுத்து" என்று மூலையில் உட்கார்ந்துவிடுகிறோம். இது சரிதானா? இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். 'ஊருக்குத்தான் உபதேசம்' என்பார்களே, அந்தக் கதைதான்.

இருபத்தைந்து வருஷம் இருக்கும். எங்களுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து ஒன்றரை மாதம். கிராமம் கிராமமாய்ச் சுற்றிப் பேசிவிட்டு, பொழுது சாய்ந்து வீடு திரும்புவேன். வீட்டில் விளக்கு எரியாது. குழந்தை அழுதுகொண்டிருக்கும். என் மனைவி சுவரில் சாய்ந்து எங்கேயோ பார்த்தபடி இருப்பாள். "விளக்குகூட ஏத்தாம அப்படி என்ன அசதி?" என்று சத்தம் போடுவேன். ஒரு நாளல்ல, பல நாள். என் தாயார், "காத்துக் கருப்பு பட்டிருக்கும்டா" என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஒன்றும் மாறவில்லை.

ஒரு நாள் குழந்தையை எடை போட நர்சம்மா வந்தார். குழந்தையைப் பார்த்தபின் தாயையும் பார்த்தார். "ராத்திரி தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான், என் மனைவி உடைந்து அழுதுவிட்டாள். "புள்ள தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரலக்கா. எல்லாருக்கும் பாரமா இருக்கேன். செத்துப்போனா தேவலைன்னு தோணுது" என்றாள். நான் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சுகாதாரத்தில் பட்டயம் வாங்கியவன் நான். அந்த ஒரு கேள்வியை நான் கேட்கவில்லையே!

அவளுக்கு வந்திருந்தது சோம்பலும் அல்ல, பேயும் அல்ல. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு நோய். பிள்ளை பெற்ற தாய்மாரில் பத்தில் ஒருவருக்காவது இது வருகிறது. டாக்டரிடம் காட்டினோம். சில மாதங்களில் பழையபடி ஆனாள்.

கவலை வேறு, நோய் வேறு என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மழை பொய்த்தால் கவலை வரும். வட்டி ஏறினால் கவலை வரும். மனசு இறுகினால் உடம்பும் இறுகும். தலைவலி, பிடரி வலி, நெஞ்சுப் படபடப்பு எல்லாம் வரும். காரணம் விலகினால், நாலு பேரிடம் சொல்லி ஆறினால், இவை குறைந்துவிடும். பிரசவமான முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவதும் இயற்கைதான். இரண்டு வாரத்துக்குள் அது தானே தணிந்துவிடும்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக, நாளின் பெரும் பொழுதும் மனசு கனத்துக் கிடக்கிறதா? தூக்கம் இல்லையா? சோறு இறங்கவில்லையா? எதிலும் பிடிப்பு இல்லையா? 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற நினைப்பா? அப்படியானால் அது நோய். வைத்தியம் பார்க்க வேண்டும்.

இது பெண்களுக்கு மட்டும் வருவதல்ல. ஆண் பிள்ளை அழக்கூடாது என்று வளர்த்துவிட்டோம். அவன் மனச்சோர்வு எரிச்சலாக வரும். சாராய நெடியோடும் வரும். குடித்தால் கவலை மறக்கும் என்பது பொய். குடி அன்றைய தூக்கத்தையும் கெடுக்கும், மறுநாள் சோர்வையும் கூட்டும்.

"நோய்க்கும் பார், பேய்க்கும் பார்" என்பது பழமொழி. அதில் நோய் முதலில் நிற்கிறது. நாமோ பேய்க்கு முதலில் பார்த்துவிட்டு, நோய்க்குக் கடைசியில் வருகிறோம். சாமி கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோயிலுக்கும் போங்கள், ஆஸ்பத்திரிக்கும் போங்கள். ஆனால் யாரையும் கட்டிப் போடாதீர்கள். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 மனநோயாளிகள் மாண்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது.

"மாத்திரை போட்டால் அதற்கே அடிமையாகிவிடுவோமே?" என்று சிலர் கேட்கிறீர்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து போதை தருவதல்ல. பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், பொறுமை வேண்டும். குணமானதும் நீங்களாக நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்லும்வரை சாப்பிட வேண்டும். பால் கொடுக்கும் தாய் அதை டாக்டரிடம் சொன்னால், அதற்கேற்ற மருந்தைக் கொடுப்பார். சிலருக்கு மருந்தே தேவைப்படாது, ஆலோசனையே போதும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

1. ராத்திரி சாப்பிட்டபின் கால் மணி நேரம் கணவனும் மனைவியும் பேசுங்கள். டி.வி.யும் செல்போனும் சும்மா கிடக்கட்டும். கடனை ஒளிக்காதீர்கள். ஒளித்த கடன் இரண்டு மடங்கு கனக்கும்.

2. பிள்ளை பெற்றவள் தூங்க வேண்டும். பால் குடித்த குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்ட அப்பனுக்கும் கை இருக்கிறது.

3. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதீர்கள். வைத்தே ஆகவேண்டுமென்றால் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். சாவு நினைப்பு அலை போல எழுந்து அடங்கும். அந்த நேரத்தில் மருந்து கைக்கு எட்டாமல் இருந்தால் ஓர் உயிர் தப்பும்.

4. "சாகணும்னு தோணுதா?" என்று கேட்கப் பயப்படாதீர்கள். கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. மனம் திறக்கத்தான் வழி பிறக்கும். "ஆமாம்" என்றால் தனியே விடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

5. பிரசவமானவள் தூங்காமல் சம்பந்தமில்லாமல் பேசினால், காதில் ஏதோ குரல் கேட்கிறது என்றால், குழந்தையைக் கண்டு பயந்தால், அது அவசரம். ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள்.

எங்கே போவது? கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல டாக்டர் இருக்கிறார். வர முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022ஆம் ஆண்டு தொடங்கிய அரசு உதவி எண் இது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

கடைசியாக ஒன்று. இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் ஒருவரையொருவர் ஒரு கேள்வி கேளுங்கள்: "உனக்குத் தூக்கம் நல்லா வருதா?" பதில் வரும்வரை காத்திருங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது. நீங்கள் தவறவிடாதீர்கள்.