ஆளரவம் உள்ள தெரு

(நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



முதியோர் நலம் பற்றிப் பேசச் சொன்னார்கள். பிரஷர், சர்க்கரை, மூட்டுவலி என்று பேசிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் இந்த ஊரில் நெடுங்காலமாக வைத்தியம் பார்க்கிறவன் என்ற முறையில், எந்த ரத்தப் பரிசோதனையிலும் அகப்படாத ஒன்றைப் பற்றிப் பேசவே எனக்கு மனம் இழுக்கிறது. பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் இருப்பது. அது மனவருத்தத்தோடு நிற்பதில்லை, உடம்பைத் தின்கிறது, ஆளைக் கொல்கிறது. வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. ஓர் ஊரின் கதையைக் கேளுங்கள்.

1995 ஜூலை மாதம் அமெரிக்காவின் சிகாகோ நகரில் அனல் அடித்தது. 13-ஆம் தேதி 41 டிகிரி செல்சியஸ். வேலூரில் மே மாதம் நாம் பார்க்கிற வெயில்தான். ஆனால் அங்கே வெயிலோடு புழுக்கமும் சேர்ந்துகொண்டது, பல இடங்களில் மின்சாரம் வேறு போய்விட்டது. ஒரே வாரத்தில், வழக்கமாக இறப்பவர்களைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். பிணவறையில் இடமில்லாமல் குளிர்சாதன லாரிகளைக் கொண்டுவந்து வாசலில் வரிசையாக நிறுத்தினார்கள். பூட்டிய வீட்டுக்குள் கிடந்த உடல்கள் ஏராளம். சில உடல்களைக் கேட்டு யாருமே வரவில்லை.

அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தார் இறந்தவர்களையும் அதே பகுதிகளில் பிழைத்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தனியாகக் குடியிருந்தவர்களும் வீட்டைவிட்டு வெளியே போகாதவர்களும் இறந்தவர்களில் அதிகம். வீட்டில் ஏசி இருந்தவர்கள் தப்பினார்கள், அது எதிர்பார்த்ததுதான். வந்து எட்டிப் பார்க்க நட்பும் பழக்கமும் இருந்தவர்களும் தப்பியிருந்தார்கள்.

பிறகு அதே ஊர்க்காரரான எரிக் கிளைனன்பெர்க் என்ற சமூகவியலாளர் இதைத் தோண்டித் துருவினார். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பகுதிகளை எடுத்துக்கொண்டார். ஒன்று வடக்கு லான்டேல், இன்னொன்று தெற்கு லான்டேல். இரண்டிலும் ஏழைகள். தனியாக வாழும் முதியவர்களும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே விகிதம். தலைக்கு மேல் காய்ந்தது ஒரே சூரியன். வடக்கில் லட்சம் பேருக்கு 40 பேர் செத்தார்கள். தெற்கில் லட்சத்துக்கு 4 பேர்.

பத்து மடங்கு! என்ன காரணம்? வடக்கு லான்டேலில் பெரிய தொழிற்சாலைகளை மூடிவிட்டார்கள். வேலை போனது, பின்னாலேயே கடைகள் போயின, பாதி சனம் ஊரைக் காலிசெய்துவிட்டது. வெற்று மனைகளும் பூட்டிய கடைகளும், பொழுது சாய்ந்தால் துப்பாக்கிச் சத்தமும்தான் மிச்சம். அங்கே ஒரு கிழவர் வெளியே வந்தால் போவதற்கு இடமில்லை, வருவதற்குப் பயம். ஜன்னலைக்கூடச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தார்கள். தெற்கு லான்டேலில் தெரு முழுக்கக் கடை, நடைபாதையில் வியாபாரம், மாதா கோயில், வீதி நிறைய ஆள். வெக்கை தாங்காமல் வெளியே வந்த பெரியவர் ஒரு கடையில் போய் நின்றார். இரண்டு நாள் வராவிட்டால் 'எங்கே காணோம்' என்று கேட்க அங்கே ஆள் இருந்தது.

'அங்கே இருப்பவர்கள் மெக்சிகோவிலிருந்து வந்த பாசக்காரக் குடும்பத்தினர், அதனால்தான்' என்று அப்போதும் சிலர் சொன்னார்கள். ஆனால் அதே தெருக்களில் ஒண்டியாக வாழ்ந்த வெள்ளைக்கார முதியவர்களும் இருந்தார்கள். தெருவின் ஆளரவம் அவர்களையும் சேர்த்தே காப்பாற்றியது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊர் மேடைகளில் இந்தப் பேச்சு வந்தாலே, 'கூட்டுக் குடும்பம் போச்சு, பிள்ளைகளுக்குப் பாசம் போச்சு' என்று முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிங்கப்பூரில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு அம்மாவுக்கு வீடியோ கால் போடும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களைத் திட்டுவதால் எந்தத் தாய்க்கும் துணை கிடைத்துவிடாது. ஏழு பேர் உள்ள வீட்டில், நாள் முழுக்க ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் சமையலறையில் நிற்கும் பெண்களையும் எனக்குத் தெரியும்.

என் கிளினிக்குக்கு ஓர் அம்மா வருவார். அடையாளம் தெரியாமல் சொல்கிறேன், மன்னியுங்கள். மஞ்சப்பையில் பழைய சீட்டுகளையெல்லாம் மடித்து வைத்திருப்பார். "பிரசர் பாத்துருங்க தம்பி" என்பார். "போன வாரம்தானேம்மா பார்த்தோம்?" "பரவால்ல, இன்னொரு தடவ பாத்துருங்க." கையில் பட்டையைச் சுற்றியதும் பேச ஆரம்பிப்பார். பட்டையிலிருந்து காற்று இறங்கி வெகுநேரம் ஆகியும் பேச்சு நிற்காது. ஒருநாள் தலைசுற்றுகிறது என்று வந்தார். பிரஷர் நூறுக்கும் கீழே இறங்கிக் கிடந்தது. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்றேன். "நேத்து சோத்துல தண்ணி ஊத்தி ஊறுகா தொட்டுக்கிட்டேன். ஒத்த ஆளுக்கு என்னத்த ஒல வைக்கிறது?" மாத்திரை போட்டீர்களா என்றேன். "போட்டேனா போடலையான்னு நெனப்பு வரல தம்பி. கேக்க வீட்ல யாரு இருக்கா? எதுக்கும் இருக்கட்டும்னு இன்னொண்ணு போட்டுக்கிட்டேன்."

இதுதான் நான் கண்ணால் பார்க்கும் நோய். 'மாத்திரை போட்டாச்சா?' என்று ஒரு குரல் வீட்டில் இல்லாததால் வந்த நோய். உடம்புக்குள் நடப்பதும் உண்டு. துணையில்லை என்ற எண்ணம் நீடித்தால், உடம்பு எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்தபடியே இருக்கிறது. அழுத்தத்தைக் கூட்டும் ஹார்மோன்கள் சுரக்கின்றன, தூக்கம் துண்டுதுண்டாகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. அதைவிட எளிய காரணங்களும் இருக்கின்றன. பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வாய் கோணியிருப்பதை அவரால் தன் கண்ணால் பார்க்க முடியாது. எதிரில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். எதிரில் யாரும் இல்லையென்றால்?

அமெரிக்காவில் ஷெல்டன் கோஹன் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். 1997-இல் அதன் முடிவு வெளிவந்தது. ஆரோக்கியமான 276 பேரின் மூக்கில் சளிக்கிருமியைச் சொட்டுமருந்துபோல விட்டு, தனியிடத்தில் தங்கவைத்துப் பார்த்தார்கள். குடும்பம், நண்பர், அக்கம்பக்கம், அலுவலகம், கோயில் என்று பலவகை உறவு உள்ளவர்களுக்குச் சளி குறைவாகப் பிடித்தது. மூன்று வகைக்கு மேல் உறவு இல்லாதவர்களுக்கு அதைப்போல நாலு மடங்கு வாய்ப்பு. சளிக்கிருமி விட்டது எல்லோர் மூக்கிலும்தான்.

2010-இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களின் கணக்கு அது. உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது. புகைபிடிப்பதை நிறுத்தினால் கிடைக்கும் பலனோடு வைத்து எண்ணத்தக்க பலன் இது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கையின்படி, தனிமையின் காரணமாக ஆண்டுக்கு எட்டு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். மணிக்கு நூறு பேர். பின்வரிசைத் தம்பி தங்கைகளே, இதைக் கேளுங்கள்: 13 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் 17 முதல் 21 சதவீதம் பேர் தனிமையாக உணர்கிறார்கள் என்கிறது அதே அறிக்கை. ஆகவே இது கிழவர்களின் விஷயம் என்று நீங்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டாம். ஊர்விட்டு ஊர் வந்து ஹாஸ்டலில் சேர்ந்த பெண்ணுக்கு மெஸ்ஸில் யார் பக்கத்தில் உட்காருவது என்பது சின்னக் கேள்வி அல்ல.

ஆண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிகாகோவில் தனியாக வாழ்ந்தவர்களில் பாட்டிமார்தான் அதிகம். ஆனால் வயதுக்கு வயது ஒப்பிட்டால் இறந்ததில் ஆண்களே அதிகம். பெண்கள் எப்படியோ யாரோடாவது தொடர்பை விடாமல் வைத்திருந்தார்கள். இங்கும் நான் அதைத்தான் பார்க்கிறேன். பணி நிறைவு நாளில் மாலை போட்டு, காரில் வீடுவரை கொண்டுவந்து விடுகிறார்கள். அன்றோடு அந்த மனிதருக்குப் பேசிப்பழகிய அத்தனை பேரும் போய்விடுகிறார்கள். மனைவியும் காலமாகிவிட்டால் மிச்சம் இருப்பது டிவி ஒன்றுதான். ஐயா, மருந்தைவிட முதலில் உங்களுக்கு நாலு மணிக்குப் போக ஓர் இடம் வேண்டும்.

2021 கணிப்பின்படி தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம். கேரளத்துக்கு அடுத்து நாம்தான். அதே ஆண்டு 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அது பெரிய காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். சில வீடுகளில் அந்த மாதம் வாசல்வரை வந்த ஒரே ஆள் அந்தத் தன்னார்வலர் பெண்தான். 'உட்காரும்மா, காப்பி குடிச்சிட்டுப் போ' என்று கையைப் பிடிக்கிறார்கள். அவருக்கு அன்று பார்க்க வேண்டிய வீடுகள் இன்னும் இருக்கின்றன. மாத்திரை வந்துவிட்டது. பேச்சுத்துணையை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவரின் நோயாளி ஒருவர், ஆஸ்பத்திரிக்கு வர பஸ் காசில்லாமல் வீட்டிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். அதன்பின் 2006-இல் அந்த மருத்துவர் உள்ளூர்ப் பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்சைப் போட்டு உட்காரவைத்தார். வந்தவர்கள் பாட்டியிடம் மனம்விட்டுப் பேசினார்கள். மனச்சோர்வு குறைந்ததை 2016-இல் முறையான ஆய்வே உறுதிசெய்தது.

கிளைனன்பெர்க் பிற்பாடு 2018-இல் இன்னொரு புத்தகம் எழுதினார். ஊரை ஒட்டவைக்கும் இடங்களைத் தேடிப்போனவர் அதில் அதிகம் பேசுவது நூலகங்களைப் பற்றித்தான். காசு கேட்காத இடம், ஏன் வந்தாய் என்று கேட்காத இடம், எந்த வயதுக்காரரும் நுழையலாம். ஆகவே நம் நூலகத்துக்கு வருகிறேன்.

நம் செய்தித்தாள் பகுதி மாடியில் இருக்கிறது. பதினெட்டுப் படி, கைப்பிடி ஒரு பக்கம்தான். முழங்கால் வலிக்காரர் எப்படி ஏறுவார்? செய்தித்தாள்களைக் கீழே கொண்டுவந்து, பாடநூல்களை மேலே அனுப்புங்கள். நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, உங்களிடம் இரண்டு கோரிக்கை. ஒன்று, பூட்டாத, தண்ணீர் வருகிற கழிப்பறை. கேட்கச் சிறிதாக இருக்கும். ஆனால் சர்க்கரை உள்ள பெரியவர்களும் வயதான தாய்மார்களும் வெளியே வராமல் இருப்பதற்கு இதுதான் முதல் காரணம், வெட்கத்தால் சொல்லமாட்டார்கள். இரண்டு, வாசல் வேப்பமரத்தடியில் சாய்மானம் வைத்த பெஞ்சுகள். சாய்மானம் இல்லாத சிமெண்டுத் திண்டில் எழுபது வயது முதுகு பத்து நிமிடம் தாங்காது.

வாசகர் வட்டத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. முன்பு தவறாமல் வந்துகொண்டிருந்து, இப்போது வராமல் நின்றுபோன உறுப்பினர்களின் பட்டியலை எடுத்துத் தர நூலகர் அம்மா சம்மதித்திருக்கிறார்கள். வரும் ஞாயிறு மாலை நாலு மணிக்கு இங்கிருந்து கிளம்புகிறோம். இரண்டிரண்டு பேராக, அவர்கள் முன்பு விரும்பி எடுத்த எழுத்தாளரின் புத்தகம் ஒன்றோடு. வர முடிந்தவர்கள் இறங்கிப் போகும்போது வாசலில் இருக்கும் நோட்டில் பெயரையும், எந்தத் தெருவுக்குப் போக வசதிப்படும் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். இருசக்கர வண்டி உள்ளவர்கள் அதையும் குறியுங்கள், பட்டியலில் பைபாஸுக்கு அந்தப்பக்கம் நாலைந்து வீடுகள் இருக்கின்றன.