சாமையும் உலக்கையும்



கொல்லிமலை என்றதும் தமிழர் நெஞ்சில் வல்வில் ஓரி எழுந்து நிற்பான். ஆண்டுதோறும் ஆடித் திங்களில் அவனுக்கு அம்மலைமேல் விழா எடுக்கின்றனர். கீழ்நாட்டார் 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறுவர்; ஆகாயகங்கை அருவியில் நீராடுவர் (பெயர் வடசொல்; நீர் தமிழ்மலையின் நீர்); பலாவும் மிளகும் வாங்கிக்கொண்டு மாலைக்குள் இறங்கிவிடுவர். "இங்கேயே இருந்துவிடலாம் போலுள்ளதே!" என்பர். ஒரு பகல் தங்கினோர் கூற்று அது.

அங்கேயே இருப்போர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். சேரநாட்டு மலையாளத்தாரோடு இவர்களை மயக்குதல் வேண்டா. இவர்தம் தாய்மொழி தமிழே. வாழவந்திநாடு, அரியூர்நாடு, குண்டூர்நாடு, சேலூர்நாடு என்று தம் ஊர்த்தொகுதிகளை இன்றும் 'நாடு' என்றே வழங்குகின்றனர்.

இவர்தம் பழைய உணவு சாமை. அதிலும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை என வகை பல. மெலிந்த மண்ணிலும் சரிவிலும் வானம் பார்த்தே விளையும். உமியோடு சேர்த்து வைத்தால் நெடுநாள் கெடாது. குதிரில் சாமை இருக்குமட்டும் கடையை நம்பாமல் அடுப்பெரியும். மலைவாழ்வின் பெருமகிழ்ச்சி இதுவே. அருவியும் குளிர்காற்றும் இதற்குப் பின்னரே.

ஆனால் அச்சோற்றுக்கு விலை கொடுத்தவர் யார்? பெண்டிர். சாமையின் உமி மணியை இறுகப் பற்றியிருப்பது, எளிதில் கழலாது. குற்றவேண்டும், புடைக்கவேண்டும், மீண்டும் குற்றவேண்டும். காடு கழனியில் உழைத்து, விறகும் நீரும் சுமந்து வந்த கை, அதன்பின் உலக்கை பிடிக்கவேண்டும். மலையின் இனிமையைப் பாடுவோர் இந்த உலக்கையை மறந்துவிடுகின்றனர்.

ஆகவேதான் மரவள்ளி வந்தபோது மலை அதனை வரவேற்றது. கிழங்கைப் பிடுங்கிச் சவ்வரிசி ஆலைக்கு விற்றால் கையிற் காசு. குற்றும் வேலை இல்லை. அரிசியோ பங்கீட்டுக் கடையிற் கிடைத்தது. சாமை நிலம் ஆண்டுக்காண்டு சுருங்கிற்று. இதற்காக அம்மக்களைக் குறைகூறுவோர் ஒருநாள் அந்த உலக்கையைப் பிடித்துப் பார்க்கட்டும்! எனினும் இழப்பும் சிறிதன்று. ஒரு வகைச் சாமை விதைப்பார் இன்றிப் போனால், அதன் பெயரும் அடுத்த தலைமுறையின் வாயில் இராது. ஆலைக்காரன் விலையைக் குறைத்தாலோ, கிழங்கைக் குதிரில் இட்டுக் காத்திருக்கவும் இயலாது.

2023ஆம் ஆண்டினைச் சிறுகூலங்களின் ஆண்டென உலகநாடுகள் கொண்டாடின. நகரக் கடைகளில் சாமை அழகிய பைகளில் ஏறிற்று. கொல்லிமலைக்கோ அதற்கு முன்பே உமி நீக்கும் பொறிகள் சில வந்திருந்தன. பெண்கள் குழுக்களாகக் கூடி அவற்றை இயக்கத் தொடங்கினர். உலக்கை கைமாறிய அவ்விடங்களில் சாமை மீண்டும் அடுப்பேற வழி பிறந்தது. ஆனால் பொறி பழுதுற்றால் திருத்துவோன் கீழிருந்துதான் வரவேண்டும். அவன் அந்த 70 வளைவுகளையும் ஏறி வரும்வரை சாமை மூட்டை மூலையிற் கிடக்கும். அல்லது பழைய உலக்கை மீண்டும் கைக்கு வரும்.