கோகலே தோற்ற மசோதா

(புனேயில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

காரியதரிசி என்னை ஏதாவது பேசச் சொன்னார். நான் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு, முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் கணக்குப் பார்த்தவன். வேதாந்தம் பேச எனக்கு அருகதை இல்லை. ஆகவே, இந்த ஊரில் வாழ்ந்த ஒரு கணக்கு வாத்தியாரைப் பற்றிச் சொல்கிறேன். கோபால கிருஷ்ண கோகலே.

காந்திஜியின் அரசியல் குரு என்று ஒரு மார்க் கேள்விக்கு விடை எழுதியதோடு நம்மில் பலர் அவரை விட்டுவிட்டோம். ரத்னகிரி ஜில்லாவில் ஏழைக் குடும்பத்தில் 1866-ல் பிறந்தவர். பதினெட்டு வயதில் பி.ஏ. பெர்குசன் கல்லூரியில் சொற்ப சம்பளத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். கணிதம், ஆங்கிலம், சரித்திரம், பொருளாதாரம் என்று எதைக் கொடுத்தாலும் நடத்தினாராம்.

1902-ல் வைஸ்ராயின் சட்ட சபைக்குப் போனார். அங்கே இந்திய அங்கத்தினர்கள் பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம். ஓட்டுப் போட முடியாது. அந்த வருஷம் சர்க்கார் உபரி காட்டிப் பெருமைப்பட்டது. கோகலே ஆத்திரப்படவில்லை. சர்க்காரின் புள்ளிவிவரங்களையே எடுத்துவைத்து, இது நாட்டின் செழிப்பு அல்ல, பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்களிடம் அதிகமாக வரி வாங்கியதன் மிச்சம் என்று காட்டினார். உப்பு வரியைக் குறைக்கச் சொன்னார். மணங்குக்கு 2½ ரூபாயாக இருந்த வரி 1903-ல் குறையத் தொடங்கி, 1907-ல் 1 ரூபாய்க்கு வந்தது. அவர் ஒருவரால்தான் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓட்டு இல்லாத மனிதர் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதற்கு இது உதாரணம். 1905-ல் இந்திய ஊழியர் சங்கத்தை ஆரம்பித்தார். நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார், சென்னையில் தலைமையாசிரியர் வேலையை விட்டு 1907-ல் அதில் சேர்ந்தார். கோகலேக்குப் பின் அதற்குத் தலைவரும் ஆனார்.

இனி மசோதா. 1911 ஜனக் கணக்குப்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான். ஆனால் பரோடா மகாராஜா சயாஜிராவ் கட்டாயக் கல்வியை 1893-ல் அம்ரேலிப் பகுதியில் ஆரம்பித்து, 1906-ல் ராஜ்யம் முழுவதற்கும் கொண்டுவந்திருந்தார். சுதேச ராஜாவால் முடிந்தது வெள்ளைக்கார சர்க்காரால் முடியாதா என்று கேட்டார் கோகலே. 1910-ல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். யோசிக்கிறோம் என்றார்கள், வாபஸ் வாங்கினார். 1911 மார்ச்சில் மசோதாவாகவே கொண்டுவந்தார்.

அதைப் படித்தால் அவருடைய சாதுர்யம் புரியும். கட்டாயம் என்றாலும் நாடு முழுவதும் ஒரேயடியாக இல்லை. ஏற்கெனவே ஓரளவு குழந்தைகள் படிக்கிற ஊர்களில், அந்த ஊர் முனிசிபாலிடி விரும்பினால், சர்க்கார் சம்மதித்தால், 6 முதல் 10 வயதுப் பையன்களுக்கு மட்டும். பெண்களுக்குப் பிற்பாடு விரிவாக்கலாம். மாதம் பத்து ரூபாய்க்குக் கீழே வருமானமுள்ள வீட்டுக்குச் சம்பளம் கிடையாது. எதிராளி சொல்லக்கூடிய ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் முன்கூட்டியே ஒரு ஷரத்து!

அப்படியும் 1912 மார்ச்சில் 38-க்கு 13 என்று தோற்றது. பணமில்லை, காலம் கனியவில்லை, ஜனங்கள் கேட்கவில்லை என்றார்கள். எதிர்த்தவர்களில் நம்மவர்களும் உண்டு. கூலிக்காரன் பிள்ளை படித்துவிட்டால் வயலில் யார் இறங்குவது என்ற கவலை நிலச்சுவான்தார்களுக்கு. தோற்கும் என்று தெரிந்தேதான் கோகலே அன்று பேசினார். 1915-ல் 48 வயதில் காலமானார்.

அந்த விவாதத்தைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. காரணம் சொல்கிறேன்.

1986-ல் நான் ஓர் அணைக்கட்டு வேலையில் கணக்கு அதிகாரி. கூலிக்காரர்களின் குழந்தைகள் அறுபது எழுபது பேர் மணல் குவியலில் கிடப்பார்கள். ஒரு இளம் இன்ஜினீயர், தகரக் கொட்டகை ஒன்று, வாத்தியார் ஒருவர் என்று கேட்டு ஃபைல் அனுப்பினார். 'இதற்குத் தலைப்பில் ஒதுக்கீடு இல்லை. அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கலாம்' என்று எழுதினேன். விதிப்படி சரி. அடுத்த வருஷமும் அதையே எழுதினேன். மூன்றாம் வருஷம் வேலை முடிந்து அவர்கள் வேறு எங்கோ போய்விட்டார்கள். ஃபைலும் மூடப்பட்டது. 38 பேரில் ஒருவனாக நானும் கை தூக்கியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

கோகலே கேட்டது 2002 அரசியல் சட்டத் திருத்தத்தில் அடிப்படை உரிமையாயிற்று. 2010 ஏப்ரல் 1 முதல் சட்டம் அமலில் இருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்றுகூடப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது.

சென்ற வருஷம் எங்கள் தெருமுனையில் அடுக்குமாடி கட்டினார்கள். இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை நிற்கும். வயது கேட்டால் தெரியாது. அவள் அப்பாவிடம் பேசினேன். "ஆறு மாசத்தில் வேறு இடம் போயிடுவோம், சாஹேப்" என்றார். அது எனக்குத் தெரிந்த பதில்தான். நானும் என் சகதர்மிணியும் முனிசிபாலிடி பள்ளிக்கு அழைத்துப் போனோம். தலைமையாசிரியை ஒரு காகிதமும் கேட்கவில்லை. தம்பியை மட்டும் எங்கே விடுவது என்று கேட்டார். மதியம் வரை எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று என் மனைவி சொல்லிவிட்டாள்.

ஐந்தாவது மாதமே கிளம்பிவிட்டார்கள். மாற்றுச் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு அந்தக் குழந்தை கையிலேயே கொடுத்தேன். அதில் அவள் பெயரை அவளே ஒருமுறை வாசித்துக் காட்டினாள்.