மேடைக்குப் பின்னால் ஒரு மடக்குக் கத்தி



பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆண்டு விழா என்றால் நாடகம் உண்டு. நாடகம் என்றால் வேடம் புனைந்து வசனம் பேசுவோரே நம் கண்ணுக்குத் தெரிவர். அவர்களைப் பற்றிப் பேச நான் வரவில்லை. திரைக்குப் பின்னால் இருட்டிலே வியர்வை சொட்ட நின்று, படுதாக் கயிற்றை இழுத்தும், தட்டிகளை நகர்த்தியும், விளக்குக்கு வண்ணத்தாள் வெட்டியும் உழைக்கின்ற மாணவர்களுக்காகப் பேச வந்திருக்கிறேன். அதிலும், அவர்கள் கையாள வேண்டிய ஒரு சிறு கருவியைப் பற்றித்தான் பேச்சு. அது மடக்குக் கத்தி.

இதுவும் வானொலியிலே பேசத்தக்க பொருளோ என்று சிலர் நகைக்கலாம். ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்த காலமெல்லாம் மாணவர்களுக்கு நாடகம் பழக்கியவன் நான். எனக்கு இது நகைப்புக்குரிய பொருளாகத் தோன்றவில்லை. காரணத்தையும் கூறிவிடுகிறேன்.

1994ஆம் ஆண்டு. அப்போது நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியன். அரிச்சந்திரன் கதையை நாடகமாக்கியிருந்தோம். மயான காண்டத்துக்குரிய படுதாவைச் சுருட்டி, மேலே மூங்கிலோடு சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தோம். அன்று மாலை பெய்த மழையில் கயிறு நனைந்து, முடிச்சு இறுகிப் போயிற்று. காட்சி மாற இரண்டு நிமிடமே இருந்தது. படுதாவுக்குப் பொறுப்பாயிருந்த பத்தாம் வகுப்பு மாணவன் ஏணியில் ஏறி, கத்தியின் நுனியை முடிச்சுக்குள் விட்டு நெம்பினான். விரித்த கத்தி அப்படியே திரும்ப மடங்கி, அவனுடைய ஆள்காட்டி விரலைக் கவ்வியது. அவன் கத்தவில்லை. ஒப்பனைத் துணி ஒன்றைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டு, மற்றொரு கையால் முடிச்சை அவிழ்த்துப் படுதாவை இறக்கினான். சந்திரமதி அழுது முடிக்கும் வரையில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். காயம் ஆறியது, விரலின் நுனிக் கணு மட்டும் இன்றுவரை முழுமையாக மடங்குவதில்லை.

அந்தப் பிள்ளையின் தாயார் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். “ஐயா, அந்தக் கத்தியை வாங்கிக் கொடுத்தது யார்?”

வாங்கிக் கொடுத்தவன் நான். திருவிழாக் கடையில், பளபளக்கும் பிடியைக் கண்டும் விலை மலிவைக் கண்டும் வாங்கினேன். அலகு விரிந்து நிற்கிறதா என்று பார்த்தேனே தவிர, நின்ற இடத்தில் நிலைக்கிறதா என்று பார்க்கவில்லை.

மடக்குக் கத்திகளில் இரு வகை உண்டு. ஒன்று, பிடியினுள் இருக்கும் வில்லின் அழுத்தத்தால் மட்டுமே அலகு விரிந்து நிற்பது. நம் பழைய பேனாக்கத்திகள் இவ்வகையின. இறகுப் பேனாவைச் சீவப் பிறந்த கருவி அது. பென்சில் சீவவும் நூல் அறுக்கவும் இன்றும் போதும். ஆனால் அலகின் முதுகுப்புறம் அழுத்தம் பட்டால் வில் விட்டுக்கொடுத்துவிடும். அன்று நடந்தது அதுவே. மற்றொன்று, விரித்ததும் பூட்டிக்கொள்வது. நாமாக விடுவித்தாலொழிய மடங்காது. மேடை வேலைக்கு இந்த இரண்டாம் வகையே வேண்டும்.

பூட்டுள்ள கத்தி என்றால் பெரும் பொருள் வேண்டுமே என்று அஞ்சாதீர்கள். பிரான்சு நாட்டின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890இல் உழவர்களுக்காக ஒரு கத்தி செய்தார். மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி; அவ்வளவே. 1955இல் அதே குடும்பத்தார் அலகின் அடியில் ஓர் உலோக வளையத்தைச் சேர்த்தனர். வளையத்தைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். உழவன் வாங்கக்கூடிய கத்தியாகவே அது பின்னரும் இருந்தது. இன்று நம் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கத்திகளிலும் பிடியின் உட்தகடு நகர்ந்து அலகைத் தாங்கும் பூட்டு அமைந்திருப்பதைக் காணலாம். விடுவிக்கும்போது உங்கள் கட்டைவிரல் அலகின் வழியிலே நிற்கும்; அலகு சற்று அசைந்ததும் விரலை எடுத்துவிட வேண்டும்.

கடையிலேயே சோதித்து வாங்குங்கள். கத்தியை விரித்து, விரல்கள் அலகின் பாதையில் இல்லாதபடி பிடியைப் பற்றிக்கொண்டு, அலகின் முதுகை ஒரு மரப்பலகையில் மெல்ல அழுத்திப் பாருங்கள். மடங்குமானால் வைத்துவிட்டு வாருங்கள். பக்கவாட்டில் ஆடினாலும் வேண்டாம். அலகின் நீளம் மூன்று அங்குலம் போதும். அதற்கு மேற்பட்டது வேலைக்கு உதவாது, பயமுறுத்தவே உதவும். திரைப்படங்களில் பொத்தானை அழுத்தியதும் பாய்ந்து விரியும் கத்தியைக் கண்டு ஆசைப்படும் பிள்ளைகள் உண்டு. அதைக் கருவி என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

எஃகைப் பற்றிக் கடைக்காரர் ஏதேதோ எண்களைச் சொல்லுவார். நீங்கள் அறிய வேண்டியது சிறிதே. 10.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் குரோமியம் கலந்தால் அதனைத் துருப்பிடியா எஃகு என்பர். கடற்கரை ஊர்களில் இருப்போருக்கு இதுவே நலம். குரோமியம் கலவாத கரிம எஃகைச் சாணைக்கல்லில் எளிதில் தீட்டலாம். ஆனால் ஈரத்தோடு ஒருநாள் வைத்தால் துரு ஏறிவிடும். எதுவாயினும் கூராக இருக்கட்டும். மழுங்கிய கத்திக்கு வலுக்கட்டாயம் வேண்டும். வலிந்து அழுத்தும்போதுதான் கத்தி வழுக்கிக் கையைப் பதம் பார்க்கும்.

தெர்மோகோலும் அட்டையும் வெட்டுவதற்கு இதைவிட மலிவான வழி ஒன்று உண்டு. மழுங்கிய நுனியைத் துண்டுதுண்டாக ஒடித்துவிடும் கத்தியை நீங்கள் அறிவீர்கள். 1956இல் ஜப்பானில் யோஷியோ ஒகாடா என்பவர் அதை உருவாக்கினார். உடைந்த கண்ணாடித் துண்டின் கூர்மையும், கட்டம் கட்டமாக ஒடிக்கும் சாக்லேட்டும் அவருக்கு அந்த எண்ணத்தைத் தந்தனவாம். வெட்டும் வேலைக்கு அது அருமை. ஆனால் அந்த மெல்லிய அலகைக் கயிற்று முடிச்சில் விட்டு நெம்பினால் ஒடிந்து கண்ணை நோக்கித் தெறிக்கும். உண்மையில் எந்தக் கத்தியாலும் நெம்பலாகாது. முடிச்சை அவிழ்க்க மழுங்கிய முனையுள்ள ஓர் ஆணி போதும். அன்று என் மாணவனிடம் நான் அதைக் கொடுத்திருக்க வேண்டும்.

பாரம் தாங்கி நிற்கும் கயிற்றை ஒருபோதும் அறுக்காதீர்கள். மேலே என்ன தொங்குகிறது, கீழே யார் நிற்கிறார் என்று இருட்டில் தெரியாது. உடலோடு சேர்த்துத் தைத்த உடையைப் பிரிக்கக் கத்திரிக்கோல்தான் ஏற்றது. மின்கம்பியின் பக்கம் கத்தியோடு போகவே வேண்டாம். ஏணியில் ஏறுகிறவர் கத்தியை ஒரு நூற்கயிற்றால் இடுப்போடு பிணைத்துக்கொள்ளட்டும். பிடியில் வெள்ளைத் துணிநாடா சுற்றிவிட்டால் விளக்கணைந்த வேளையிலும் கைக்கு அகப்படும்.

எல்லோருக்கும் ஆளுக்கொரு கத்தி வேண்டியதில்லை. குழுவுக்கு ஒன்று போதும். பள்ளி மாணவராயின் அது ஆசிரியரிடம் இருக்க வேண்டும். அந்த நிகழ்ச்சிக்குப் பின் எங்கள் பள்ளியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தேன். கத்தியை எடுப்பவர் பெயர், எடுத்த நேரம், திருப்பித் தந்த நேரம் ஆகிய மூன்றையும் அதில் எழுத வேண்டும். முதல் பக்கத்தின் முதல் வரியில், வாங்கியவர் என்ற இடத்தில், என் பெயரை எழுதிக் கையொப்பமிட்டேன்.