மின்னஞ்சலில் எது அவசரம்?
(எர்ணாவூரில் ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் பாடமாக இருக்கிறது. அதைக் கொண்டு வருகைப் பட்டியல், உதவித்தொகை நினைவூட்டல் போன்றவற்றைத் தானாகவே மின்னஞ்சலில் அனுப்பும் நிரலை மாணவர்களே எழுதிவிடலாம். எழுதி முடித்ததும் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "இது அவசரம்னு எப்படிக் காட்டுறது?"

செய்முறை எளிது. பெறுநர், பொருள் என்ற தலைப்பு வரிகளோடு 'எக்ஸ்-பிரையாரிட்டி' என்ற வரியையும் நிரலில் சேர்க்க வேண்டும். அதற்கு 1 என்று மதிப்புக் கொடுத்தால் மிக அவசரம், 3 சாதாரணம், 5 பொறுமையாகப் பார்க்கலாம். 'இம்பார்ட்டன்ஸ்' என்று இன்னொரு வரியும் உண்டு. அதற்கு 'ஹை', 'நார்மல்', 'லோ' என மூன்று மதிப்புகள். எல்லாச் செயலிகளும் ஒரே வரியைப் பார்ப்பதில்லை என்பதால் இரண்டையும் சேர்ப்பது நல்லது. அவுட்லுக்கில் சிவப்பு ஆச்சரியக்குறி தெரியும். ஜிமெயிலோ எது முக்கியம் என்பதைத் தன் கணிப்பில்தான் பிரித்துக் காட்டுகிறது.

மாணவர்களுக்கு அவசியம் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. இந்தக் குறி அஞ்சலை வேகமாகக் கொண்டுபோகாது. 2013 ஜூலையில் நிறுத்தப்பட்ட தந்திச் சேவையில், விரைவுத் தந்திக்குக் கூடுதல் கட்டணம் கட்டினால் அது வரிசையில் முந்திப் போகும். சாதாரணமாக நாம் அனுப்பும் மின்னஞ்சலில் 1 என்றாலும் 5 என்றாலும் பயணம் ஒன்றுதான். காசு செலவில்லாத குறி என்பதால் எல்லாவற்றுக்கும் போடத் தோன்றும். பத்து அஞ்சலிலும் சிவப்புக் குறி இருந்தால், பெறுபவர் அதைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்.

நம் பகுதிக்கு இது வெறும் கணினிப் பாடம் அல்ல. 2023 டிசம்பர் 26 அன்று நள்ளிரவையொட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மூச்சுத் திணறலோடு வீட்டைவிட்டு ஓடினார்கள். அந்த நேரத்தில் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பவர் யார்? உயிர் காக்க வேண்டிய செய்திக்குத் தொலைபேசி வேண்டும், ஒலிபெருக்கி வேண்டும், கதவைத் தட்ட ஆள் வேண்டும்.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' எச்சரிக்கை அமைப்பு, உலக அளவில் வழங்கும் ஒரு பொது நெறிமுறையைப் பின்பற்றுகிறது. அதில் 'அவசரம்' என்ற ஒற்றைச் சொல் போதாது. எவ்வளவு சீக்கிரம் செயல்பட வேண்டும், பாதிப்பு எவ்வளவு கடுமை, செய்தி எவ்வளவு உறுதி என்று மூன்றையும் தனித்தனியே குறிக்க வேண்டும்.

இந்த மூன்று கேள்விகளையும் வகுப்பில் பயன்படுத்தலாம். 'இஃப்' கட்டளை எழுதும் முன், பள்ளியிலிருந்து போகக்கூடிய பத்துச் செய்திகளைக் குழுக்களிடம் கொடுத்துத் தரம் பிரிக்கச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியலுக்கு 3 போதும். அடுத்த மாதக் கண்காட்சி அழைப்புக்கு 5. இன்றோடு முடியும் உதவித்தொகை விண்ணப்பத்துக்கு 1. கூடவே பொருள் வரியிலேயே 'இன்று மாலை 5 மணிக்குள்' என்று எழுத வேண்டும். குறி தெரியாத செயலியிலும் அந்த வரி கண்ணில் படும். வீட்டிலிருந்து கிளம்பிய பிள்ளை பள்ளிக்கு வந்து சேரவில்லை என்றால்? அதற்கு எந்த எண்ணும் வேண்டாம். உடனே பெற்றோரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும்.

அந்தக் கடைசிச் செய்தியை மாணவர்கள் தாங்களாகவே மின்னஞ்சல் பட்டியலிலிருந்து எடுத்து வெளியே வைத்தால், பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.