பாலை: புலவர் படைத்த நாடு



தமிழகத்தின் நிலப்படத்தில் பாலைவனம் என்றொரு பகுதி இல்லை. தூத்துக்குடிப் பக்கத்தில் செம்மணல் தேரிகள் உண்டு. எனினும் சங்கப் பாட்டு காட்டும் பாலைக்காட்சி அத்தேரிக் காட்சி அன்று. அவ்வாறிருக்க, அகநானூற்றின் 400 பாட்டுகளில் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாட்டுகளும் பாலைக்கே உரியன. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய நூறு பாலை. கலித்தொகையில் பெருங்கடுங்கோ பாடிய 35 பாலை. நற்றிணையிலும் குறுந்தொகையிலும் பாலைக்கு உள்ள இடம் யாவரும் அறிந்ததே. மருதத்து நெல்லும் நெய்தலின் மீனும் உண்டு வாழ்ந்த ஒரு சமுதாயம், தன்னிடம் இல்லாத ஒரு நிலத்தை இத்துணைப் பாட்டால் பாடியதேன்?

இல்லாத நாட்டுக்கு வரலாறும் வழக்கமும் சமயமும் வகுத்தல் உலக இலக்கியத்தில் புதிதன்று. அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் 'டூன்' என்னும் புதினத்தை நூலாக வெளியிட்டார். நீரே இல்லாத ஒரு கோள், அதன் பாலைக்குடிகள், அவர்தம் நீர்ச்சடங்குகள், அவர்கள் எதிர்பார்த்திருந்த தெய்வத் தூதன், அவன் பெயரால் எழும் பேரரசு எனப் பல தொகுதிகளுக்கு அக்கதை விரிந்தது. ஓரிகன் மாநிலக் கடற்கரையின் மணற்குன்றுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் புகுந்ததே அப்படைப்பின் தொடக்கம் என்பர். அது தனி ஒருவர் கற்பனை. தமிழ்ப் பாலையோ பல தலைமுறைப் புலவர் கூடிக் கட்டியது. ஒருவர் மரம் நட்டார், ஒருவர் பறவையை விட்டார், ஒருவர் வழிப்பறிக்கு ஆள் வைத்தார். இறுதியில், நாட்டை ஆள ஒரு தெய்வத்தையும் அமர்த்தினர். அத்தெய்வம் வந்த வரலாறே இவ்வுரையின் பொருள்.

தொல்காப்பியர் அகத்திணையியலில் காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், மணற்பரப்புக்கு வருணன் என நால்வரை மட்டுமே கூறினார். பாலையை நடுவுநிலைத் திணை என்றார். அதற்கு வேனிலும் நண்பகலும் வகுத்தார், பின்பனியையும் சேர்த்தார். நிலம் கொடுக்கவில்லை, தெய்வமும் கொடுக்கவில்லை. காலம் மட்டுமே உடைய திணை அது. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் தம் இயல்பு திரிந்து பாலை வடிவம் கொள்ளும் என்று பின்னர்ச் சிலப்பதிகாரம் காடுகாண் காதையில் விளக்கியது. ஆகவே பாலை என்பது ஓர் இடத்தின் பெயர் அன்று. ஓர் இடத்துக்கு நேரும் நிலையின் பெயர்.

பாட்டுகளே இதற்குச் சான்று. பாலையில் வரும் விலங்கு யாது? ஓமை மரத்தின் பட்டையையும் யாமரத்தின் பட்டையையும் உரித்துப் பிடிக்கு ஊட்டும் களிறு, செந்நாய், இரலை மான், வாடிய மூங்கில், துணையை அழைக்கும் புறா. இவையெல்லாம் காட்டுயிர்கள். மணல்வெளியின் உயிர் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று. அகநானூற்று 245ஆம் பாட்டில் மருதன் இளநாகனார், பசித்த ஒட்டகம் உலர்ந்த வெள்ளெலும்பைத் தின்பதாகப் பாடியிருக்கிறார். இலை தின்னும் விலங்கு எலும்பு தின்னுமோ என்று ஐயுறுதல் இயல்பு. வறட்சி மிக்க நிலத்தில் உடலுக்கு வேண்டும் உப்புச் சத்துகள் குறையும்போது ஒட்டகம் எலும்பைக் கடிப்பது இன்று விலங்கியலார் நன்கு அறிந்த செய்தி. இப்பாட்டை முன்வைத்துத் தமிழரின் வடமேற்குத் தொடர்பை ஆர். பாலகிருஷ்ணன் 2019இல் வெளியிட்ட தம் சிந்துவெளி ஆய்வு நூலில் ஆராய்ந்தார். எனினும் தொல்காப்பிய மரபியலும் ஒட்டகத்தைச் சொல்கிறது. எயிற்பட்டினத்துக் கடற்கரையில் கிடந்த அகில்மரத்துக்கு உறங்கும் ஒட்டகத்தைச் சிறுபாணாற்றுப்படை உவமை காட்டுகிறது. வணிகர் வழியாகவும் ஒரு விலங்கு பாட்டுக்குள் வரலாம். ஓர் ஒட்டகத்தைக் கொண்டு ஒரு பாலைவனத்தையே மீட்டெடுப்பது ஒரு கல்லைக் கொண்டு கோட்டை கட்டுவது போன்றது.

பாலையைக் கண்ணால் காண விரும்புவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டா. பெரம்பலூர் வட்டாரத்துக் காரையில், மழைநீர் அரித்து அரித்துப் புல்லும் முளைக்காத செம்மண் மேடுகளும் பள்ளங்களும் அலையலையாகக் கிடக்கின்றன. பாலைப் பாட்டுக்கு உரை சொல்ல அதனினும் தக்க இடம் இல்லை எனலாம். ஆனால் அம்மண்ணைக் கிளறினால் சுறாமீனின் பல்லும் கணவாய் இனத்து உயிரின் கல்லாகிய ஓடும் கிடைக்கும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடற்படுகை. அருகே சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அதனை அறிந்து உலகுக்குக் காட்டினார். இளங்கோவடிகள் முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாதலைச் சொன்னார். இங்கே திரிந்தது நெய்தல்!

பாலை பாடியோருள் தலையாயவர் ஓர் அரசர் என்பதும் நோக்கத்தக்கது. சேரமான் பாலை பாடிய பெருங்கடுங்கோ என்பது அவர் பெயர். கரூரை அடுத்த புகழூரில், ஆறுநாட்டார் மலைக் குகையின் தமிழிக் கல்வெட்டு, கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறை சொல்கிறது. இளங்கடுங்கோ இளவரசனானபோது சமண முனிவர் ஒருவர்க்குக் கல்லிருக்கை வெட்டிக் கொடுத்த செய்தி அது. அப்பெருங்கடுங்கோனையே பாலை பாடிய புலவராக அறிஞர் கருதுவர். கல்லில் மெய்யான நாடு. பாட்டில் இல்லாத நாடு. இரண்டிலும் ஒரே பெயர்.

இனித் தெய்வத்துக்கு வருவோம். தொல்காப்பியர் கொற்றவையை அறியாதவர் அல்லர். புறத்திணையியலில் வெட்சியின் பகுதியாகக் கொற்றவை நிலையைக் கூறியவர் அவர். ஆனால் வெட்சி குறிஞ்சிக்குப் புறன். பாலைக்குப் புறனாக அவர் வகுத்தது வாகை. அப்படியானால் தொல்காப்பியத்தில் கொற்றவையின் இருப்பிடம் மலைச்சார்பே. பாலைக்கு அவள் குடிபெயர்ந்தது பின்னர் நிகழ்ந்தது. இறையனார் அகப்பொருள் உரையில் பாலைக்குப் பகவதியும் ஆதித்தனும் தெய்வம் எனப்படுகின்றனர். அவ்வுரை அங்கு நிற்கவில்லை: உணவு வழிப்பறித்த பொருள், ஊர் குறும்பு, பறை நிரைகோட்பறை, நீர் வற்றிய கூவல், விலங்கு வலியழிந்த யானையும் வலியழிந்த புலியும் என ஒரு நாட்டின் கணக்கேட்டையே எழுதி வைத்துவிட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நாற்கவிராச நம்பியும் தம் அகப்பொருள் விளக்கத்தில் அக்கணக்கை ஒழுங்குறத் தொகுத்தார். நிலமே இல்லாத திணைக்கு நிலம், தெய்வம், குடி, தொழில் அனைத்தும் நிறைந்துவிட்டன. இலக்கணம் எழுதுவோர்க்கு வெற்றிடம் பொறுக்காது போலும்.

இவ்வளவும் பட்டியல். அப்பட்டியலுக்கு உயிர் கொடுத்தவர் இளங்கோவடிகள். உறையூரைக் கடந்து மதுரை நோக்கி நடந்த கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் நண்பகல் வெப்பத்தில் ஐயை கோட்டத்து ஒருபுறம் தங்குகின்றனர். அங்கே எயினர் கூடிய மன்றத்தில் சாலினி என்பாள் தெய்வமேறி ஆடுகிறாள். அவள் சொல்வதன் சாரம் இது: அயலூரில் ஆநிரை பெருகிவிட்டது, எயினர் மன்றம் பாழாயிற்று, எயினரோ அறக்குடியில் பிறந்தோர் போல அடங்கிவிட்டனர், கலைமான் ஊரும் செல்விக்குரிய கடனைச் செலுத்தினால் அன்றி அவள் வில்லுக்கு வெற்றி தாராள். கூர்ந்து நோக்கினால் இது அருள்வாக்கு மட்டுமன்று, ஆட்சி ஆணை. அக்குறும்பில் அரசன் ஒருவன் வந்து எதுவும் சொல்லவில்லை. கட்டளை தெய்வத்தின் வாயிலிருந்து வருகிறது, அதனை உரைக்கும் வாய் ஒரு பெண்ணின் வாய். வரியும் அவளுக்கே, அதற்குப் பெயர் கடன். அக்குடியில் குற்றம் எனப்படுவது களவு அன்று. களவைக் கைவிட்டதே குற்றம்! தெய்வத்தின் பெயரால் நடக்கும் அரசு ஒன்றின் உள்ளமைப்பை இதனினும் சுருங்கக் கூறிய தமிழ்ப் பகுதி வேறில்லை எனத் துணியலாம்.

பின் அக்குடிப் பிறந்த குமரி ஒருத்தியைக் கொற்றவையாக ஒப்பனை செய்கின்றனர். சடையில் இளம் பாம்பு போன்ற நாண் சுற்றி, பன்றியின் கொம்பைப் பிறையாகச் செருகி, புலிப்பல்லைத் தாலியாகக் கோத்து, புலித்தோலை மேகலையாக உடுத்தி, கையில் வில் கொடுத்துக் கலைமான்மேல் ஏற்றுகின்றனர். காணிக்கைகளுள் பாவையும் பந்தும் கழங்கும் கிளியும் உண்டு. போர்த்தெய்வத்துக்கு வந்த காணிக்கையில் சிறுமியின் விளையாட்டுப் பொருள்கள்! இவ்விடத்தில் அடிகளின் உள்ளம் எங்கே நிற்கிறது என்பது விளங்கும். அவ்வேளையில் தெய்வமுற்ற சாலினி கண்ணகியைச் சுட்டி, கொங்கும் குடமலையும் தென்தமிழும் போற்றும் தவக்கொழுந்து இவள் எனப் புகழ, கண்ணகி நாணிக் கணவன் முதுகுப்புறம் ஒதுங்கி முறுவல் செய்கிறாள்.

கதைப்பெண் தெய்வமானபின் ஊர்கள் அவளை விடவில்லை. இப்பகுதியின் சிறுவாச்சூரில் கோயில்கொண்ட மதுரகாளி, மதுரையிலிருந்து வந்தவள் என்பது மக்கள் வழக்கு. திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கும் வழக்கம் இருந்ததும், மற்ற நாளில் அவள் பெரியசாமி மலையில் இருப்பாள் என்பதும் இவ்வரங்கில் உள்ளோர்க்குப் புதியன அல்ல. எயினர் குறும்பு ஏட்டளவில் நின்றது. செல்விக்குச் செலுத்தும் கடன் மட்டும் மண்ணில் தொடர்கிறது.

இங்கே ஒரு வினா எழுகிறது. இவ்வழக்கங்கள் மெய்யான எயினர் வழக்கங்களா? இலக்கிய வகை மாறும்தோறும் எயினர் மாறுகின்றனர் என்பதே விடை. அகப்பாட்டில் அவர் வழிப்போக்கனைக் கொன்று கற்குவியலின்கீழ் இடும் கொடியோர். ஆனால் அங்கே பெரும்பாலும் பேசுவோர் யாவர்? வீட்டில் இருந்து அஞ்சும் தலைவியும் தோழியும் செவிலியும் தாயும். பிரிந்தவன் வழியில் என்ன ஆனானோ என்னும் அச்சமே அக்கொடியோரைப் படைத்தது. ஐங்குறுநூற்றுப் பாலையிலேயே ஒரு தலைவன், எயினரின் தங்கையின் அழகில் மயங்கி நிற்கிறான். கொடுவில் ஏந்தியோர்க்கும் ஒரு தங்கை உண்டு! கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் காட்டும் எயிற்றியர் வேறு. கரம்பை நிலத்தைப் பாரையால் குத்திப் புல்லரிசி திரட்டி, நிலவுரலில் குற்றி, கிணற்றில் ஊறிய சிறிதளவு உவர்நீரை முகந்து உலையேற்றி, உலர்ந்த ஊனோடு தேக்கிலையில் இட்டுப் பாணர்க்கு விருந்து படைப்போர் அவர். அந்நூலின் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். அவன் நாட்டு வழியில் கள்வர் இல்லை என்று சொல்ல வேண்டிய தேவை புலவர்க்கு இருந்தது. அகத்தில் கள்வர், ஆற்றுப்படையில் விருந்தோம்புவோர், காப்பியத்தில் தெய்வப் பணியாளர். மூவரும் ஒரே பெயர் உடையோர். எதனை வரலாறு என்று கொள்வது?

பாட்டை அப்படியே குடிமக்கள் கணக்காகப் படித்தவர் உண்டு. வி. கனகசபைப் பிள்ளை 1904இல் நூலாக வெளியிட்ட, 1800 ஆண்டுகட்கு முற்பட்ட தமிழரைப் பற்றிய ஆங்கில ஆய்வில் எயினரையும் மறவரையும் நாகர் இனக் கிளைகளாக வகைப்படுத்தினார். பி.டி. சீனிவாச அய்யங்கார் 1929இல் வெளிவந்த தம் தமிழர் வரலாற்றில் திணைகளை மனித வளர்ச்சியின் படிநிலைகளாகக் கண்டார். தமிழின் பழமையை உலகறியச் செய்த அவ்வறிஞர்களின் உழைப்பு பெரிது. அவர்கள்மேல் பழி சுமத்துவது இங்கு நோக்கமன்று. ஆயின் அதே ஆண்டுகளில் அரசு வேறொரு கணக்கு எழுதிக்கொண்டிருந்தது. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. பிறப்பாலேயே குற்றவாளி எனக் குடிகள் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். ஆடவர் கைரேகை பதிந்து இரவில் காவல் நிலையத்தில் கிடக்க நேர்ந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் அதனை எதிர்த்தோர்மேல் காவலர் சுட்டதில் பெண்ணொருத்தி உட்படப் பலர் மாண்டனர். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது. அச்சட்டம் பாட்டைப் படித்து எழுதப்பட்டதன்று. ஆனால் களவு ஒரு குடியின் குலத்தொழில் என்னும் நம்பிக்கைக்குப் பழம்பாட்டும் சான்று சொல்லும் என்று எவரேனும் காட்ட முனைந்தால், அதனை மறுக்க வேண்டியவர் அப்பாட்டின் பிறப்பை அறிந்த புலவரே. ஒரு தலைவியின் அச்சத்துக்காகப் படைத்த மனிதரை, உண்மையில் வாழும் மனிதர்மேல் ஏற்றுவது பாட்டுக்கும் கேடு, குடிக்கும் கேடு.

இளங்கோவடிகள் இதனை அறிந்தே எழுதினார் என்று கொள்ள இடமுண்டு. வேட்டுவ வரியை அடுத்த புறஞ்சேரி இறுத்த காதை, கொற்றவைக் கோலம் களைந்த செய்தியோடுதான் தொடங்குகிறது. பாம்பு நாணும் புலிப்பல் தாலியும் கழன்றன. குமரி மீண்டும் ஊர்ப்பெண் ஆகிவிட்டாள். பகல் வெயிலைக் கண்ணகியின் அடிகள் தாங்கா என்று கருதிய கோவலன் இரவில் நடக்கலாம் என்கிறான். பாண்டியன் காவலால் கரடி புற்றை அகழாது, புலி மான்கூட்டத்தோடு மாறுபடாது என்று அவனே சொல்கிறான். நிலவு எழுகிறது, மூவரும் நடக்கின்றனர். தெய்வ ஆணை பெற்ற எயினர் வில்லோடு அருகில் இருந்தும், கண்ணகியின் காற்சிலம்பை எவரும் தொடவில்லை. வழிப்பறிக்கென்றே படைத்த பாலையைச் சிலம்பு பழுதின்றிக் கடந்தது. அது பறிபோனது, செங்கோல் நிமிர்ந்து நின்ற மதுரையில், பொற்கொல்லன் ஒருவனின் சொல்லைக் கேட்டு, அரண்மனை வாயிலுக்கு எட்டும் தொலைவில்.