உப்புக்கு நடந்தது மக்காச்சோளத்துக்கும் நடக்கக் கூடாது!

மரக்காணம் தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து:



உப்பு ஊருக்கு வந்து மக்காச்சோளம் பேசறானேன்னு பார்க்காதீங்க. வெயிலில் நின்னு உப்பு வாரிக் குவிக்கிறது நீங்க. விலை வைக்கிறது யாரு? வியாபாரி. உப்பு குவிஞ்சு கிடக்கும்போது விலை எங்க போய் நிக்கும்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்போம், 2030-ல் எட்டுவோம்னாங்க. 2025-லேயே எட்டியாச்சு. அதுக்குக் கரும்பு மட்டும் போதலை, மக்காச்சோளத்துக்கு மவுசு வந்துச்சு. வரவேற்கிறோம்! கரும்பைவிடத் தண்ணி கம்மியா குடிக்கிற பயிர். 2019 வரைக்கும் நம்ம மாவட்டமா இருந்த கள்ளக்குறிச்சி பக்கம் நல்லா விளையுது. நாமக்கல் கோழித் தீவனத்தை நம்பியிருந்த விவசாயிக்கு, வாங்க இன்னொரு ஆள் வந்தாச்சு.

எரிசாராயம்னதும் சிலர் முகம் மாறுது, புரியுது. 2023 மே மாசம் எக்கியார்குப்பத்தில் உயிர் குடிச்சது மெத்தனால். இது வேற.

கணக்குக்கு வாங்க. ஒரு டன் மக்காச்சோளத்தில் சுமார் 380 லிட்டர் எத்தனால் எடுக்கலாம். 2024-ல் எண்ணெய் நிறுவனங்கள் வச்ச விலை லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு. கூட்டிப் பார்த்தா சுமார் 27,300 ரூபாய். மிஞ்சுற சக்கை தீவனமா விக்கிறது தனி. ஆலைக்கும் செலவு இருக்கு, மறுக்கலை. ஆனா அதுக்கு விலை உறுதி!

விவசாயிக்கு? 2025-26 ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400. டன்னுக்கு 24,000. அது காகிதத்தில். கர்நாடகாவில் 2025 நவம்பரில் சந்தை விலை அதுக்கும் கீழே சரிஞ்சு, விவசாயிகள் ரோட்டுக்கு வந்தாங்க. முதலமைச்சர் சித்தராமையா பிரதமருக்குக் கடிதமே எழுதினார். எத்தனால் ஆலைகள் ஓடிக்கிட்டு இருக்கும்போதே இந்த நிலைமை!

அதனால கேட்கிறோம்: ஆதரவு விலைக்குக் குறையாம, ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் வழியா வாங்கின ரசீதை ஆலை காட்டணும். காட்டினாத்தான் எண்ணெய் நிறுவனம் அந்த எத்தனாலுக்குப் பணம் கொடுக்கணும். ஒன்றிய அரசு ஒரு உத்தரவு போட்டா முடியுற வேலை.

மழை மாசத்தில் அளம் மூடினா நம்மில் பலருக்கு வயல் வேலைதான் கஞ்சி ஊத்துது. விவசாயிக்கு விலை கிடைச்சாத்தானே நமக்குக் கூலி?

விழுப்புரம் ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போறோம். மேடை ஓரத்தில் தாள் இருக்கு, கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. இதைப் படிக்கிற நீங்க உங்க ஒன்றியச் செயலாளரிடம் பெயரைக் கொடுங்க.